பிள்ளைங்க கையில ஒரு வேலை

எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சி பொன்மலைப்பட்டியில இருக்கேன், ஒரு ஸ்கூல்ல டீச்சரா வேலை பாக்குறேன். வீட்டுல நானு, என் வீட்டுக்காரர், மாமனார், மாமியார், ஒன்னாவது படிக்கிற பொண்ணு, மூணு வயசுப் பையன். பொண்ண நாங்க பாப்பான்னுதான் கூப்பிடுவோம், பையன் தம்பி. சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுல நல்ல நாள் பெரிய நாள் எல்லாம் எப்படிக் கொண்டாடுறீங்க, எங்கெல்லாம் போறீங்க, அதைப் பத்திப் பேசுங்கன்னு சொன்னாங்க. எனக்கு இதுல சொல்றதுக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு. எந்தப் பண்டிகையா இருந்தாலும், எந்த ஊருக்குப் போனாலும், பிள்ளைங்க கையில ஒரு வேலை இருக்கணும். அவங்களுக்குன்னு ஒதுக்கின வேலை, அவங்க செய்யலேன்னா அது நடக்காதுங்கிற மாதிரி ஒரு நிஜமான வேலை.

ஏன் சொல்றேன்னா, இப்போ நிறைய வீட்டுல நான் பாக்குறது, பிள்ளைங்களுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, வேட்டி சட்டை போட்டு, பூ வெச்சு, ஒரு இடத்துல நிக்க வெச்சு போட்டோ எடுக்குறோம், அப்புறம் "ஓரமாப் போய் உக்காரு, டிரெஸ் அழுக்காயிரும், அடுப்பு பக்கம் வராத"ன்னு சொல்லிட்டு நாம வேலையப் பாக்குறோம், அதுங்க பாவம் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. பண்டிகை நம்மளோடதா ஆயிடுது, பிள்ளைங்க விருந்தாளி மாதிரி ஆயிடுறாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல.

தினப்படி விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்க வீட்டுல காலையில ரேடியோ போடுறது பாப்பாவோட வேலை. மாமனாருக்கு ரேடியோ இல்லாம பொழுது விடியாது. நம்ம திருச்சி வானொலி 1939ல ஆரம்பிச்சது, அவங்க அப்பா காலத்துல இருந்தே அவங்க வீட்டுல கேட்டுக்கிட்டு இருக்காங்களாம். பாப்பா எந்திரிச்ச உடனே கண்ணக் கசக்கிக்கிட்டே போய் அந்த ஸ்விட்சப் போட்டுட்டுதான் பல்லு வெளக்கப் போவா. தம்பிக்கு வேலை, கோலம் போட்டு முடிச்சதும் கோலமாவு டப்பாவ எடுத்துக்கிட்டுப் போய் அதே எடத்துல வைக்கிறது. பாதி மாவு வழியிலயே கொட்டிரும், அதனால என்ன, கூட்டிக்கலாம். ஆனா வேற யாராவது அந்த டப்பாவத் தொட்டா அன்னைக்கு வீட்டுல ஒரு யுத்தமே நடக்கும். மூணு வயசுல "இது என் வேலை"ன்னு ஒரு உரிமை வருது பாருங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்.

பொறந்தநாளுக்கு நாங்க மண்டபம் எல்லாம் புடிக்கிறதில்ல. பாப்பா பொறந்தநாளுக்குத் தெருப் பிள்ளைங்கள வரச் சொல்லி மொட்டமாடியில கேக் வெட்டினோம், ரிட்டர்ன் கிப்ட்டுன்னு பிளாஸ்டிக் சாமான் குடுக்குறதுக்குப் பதிலா மணப்பாறை முறுக்கு பாக்கெட் குடுத்தோம். அந்த முறுக்குக்கு 2023ல புவிசார் குறியீடே கெடச்சிருக்கு, நம்ம ஜில்லாவோட பெருமை இல்லையா அது. வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாப்பாவே கையில குடுத்து "இது எங்க ஊரு முறுக்கு"ன்னு சொன்னா. கேக் எந்த கலர்ல இருந்துச்சுன்னு இப்போ கேட்டா அவளுக்கு ஞாபகம் இல்ல, யாருக்கெல்லாம் முறுக்கு குடுத்தான்னு வரிசையா சொல்லுவா.

அடுத்தது ஆடிப் பெருக்கு. திருச்சிக்காரங்களுக்கு இத நான் சொல்லவே வேணாம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர்ல தண்ணி தொறந்தா ஆடி 18க்குக் காவிரி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு வரும், தண்ணி வராத வருஷமும் உண்டு, அப்போ ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில ஷவர் வெச்சுக்கூட ஜனங்க குளிச்சிருக்காங்க, ஆனாலும் கூட்டம் மட்டும் கொறையாது. விடிகாலையிலயே பஸ் ஏறி நாங்க போயிருவோம். படித்துறையில எடம் புடிச்சு, வாழ இலை விரிச்சு, மஞ்சள் பிள்ளையார் புடிச்சு வெச்சு, காப்பரிசி, நாவப்பழம், பேரிக்கா, காதோலை கருகமணி எல்லாம் வெச்சுப் படைச்சு, மஞ்சள் கயிறு கட்டிக்குவோம். அதுல பிள்ளையார் புடிக்கிறது முழுக்க பாப்பாவோட பொறுப்பு. வீட்டுல இருந்து மஞ்சத்தூள் டப்பாவ அவதான் மடியில வெச்சுக் கொண்டு வருவா. அவ புடிக்கிற பிள்ளையார் கொஞ்சம் சாஞ்சாப்லதான் இருப்பாரு, மாமியார் ஒரு நாளும் அதத் திருத்த மாட்டாங்க, "பிள்ள புடிச்சது, அப்படியே இருக்கட்டும்"னு சொல்லி அருகம்புல்ல வெச்சிருவாங்க. அந்த வார்த்தைக்காகவே என் மாமியாரக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஒன்னு மட்டும் கண்டிப்பா சொல்லணும், ஆத்துல தண்ணி ஜாஸ்தியா ஓடுற சமயம் அது, படித்துறையில பாசி வேற வழுக்கும். யாரு எந்தப் பிள்ளையோட கையப் புடிக்கிறதுன்னு வீட்டுலயே பேசி முடிச்சிட்டுதான் கெளம்பணும். கயிறு கட்டித் தடுத்திருக்குற எடத்தத் தாண்டி ஒரு படி கூட எறங்க வேணாம்.

அப்புறம் சப்பரம். எங்க மாமனார் பழைய பிளைவுட் துண்டு, நாலு சக்கரம் எல்லாம் வெச்சு பேரப் பிள்ளைங்களுக்கு ஒரு சப்பரத்தேர் செஞ்சு குடுத்திருக்காரு, கலர் பேப்பர் ஒட்டி, உள்ள ஒரு சாமி படம் வெச்சு, ஆடி 18 அன்னைக்கு தெருவுல இழுத்துக்கிட்டுப் போறது. முன்னாடியெல்லாம் தெரு முழுக்க சப்பரமா இருக்கும்னு வீட்டுக்காரர் சொல்லுவாரு, இப்போ கொறஞ்சு போச்சு. எங்க தேரப் பாத்துட்டு எதிர் வீட்டுப் பையனும் வந்து கயித்தப் புடிச்சான், அதுக்கடுத்த வருஷம் அவங்க வீட்டுலயும் ஒன்னு செஞ்சாங்க. சந்தோஷமா இருந்துச்சு.

சித்ரான்னத்தக் கட்டி எடுத்துக்கிட்டு அன்னைக்கு மத்தியானமே முக்கொம்பு போயிருவோம். தேங்கா சாதம், புளி சாதம், எலுமிச்ச சாதம், தயிர் சாதம், கூட அப்பளம். முக்கொம்புல என்னன்னா, ஒரே காவிரி அங்கதான் ரெண்டாப் பிரியுது, ஒன்னு காவிரியாவே போகுது, இன்னொன்னு கொள்ளிடம், நடுவுல இருக்குற தீவுதான் ஸ்ரீரங்கம், அப்புறம் அந்தப் பக்கம் கல்லணைகிட்ட ரெண்டும் மறுபடி பக்கத்துல வருது. முக்கொம்புல இருக்குற அணைதான் மேலணை, அத 1836ல கட்டினாங்க, ஆர்தர் காட்டன் காலத்துல. கல்லணை கரிகால சோழன் கட்டினது, கிட்டத்தட்ட 2000 வருஷப் பழசு, இன்னைக்கும் அது வழியாதான் தஞ்சாவூர் பக்கம் தண்ணி போகுது. 2018 ஆகஸ்ட்ல வெள்ளத்துல மேலணையோட 9 மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சே, அந்த எடத்தயும் மாமனார் காட்டினாரு. இதெல்லாம் பாப்பாகிட்ட வாயால சொன்னா ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுருவா. அதனால என் வீட்டுக்காரர் மணல்ல ஒரு கோடு கிழிச்சு, "நீதான் காவிரி, தண்ணி ஊத்து"ன்னு ஒரு வாட்டர் பாட்டில கையில குடுத்துட்டாரு. ஊத்தினா, நடுவுல ஒரு கல்லு வெச்சா, தண்ணி ரெண்டாப் பிரிஞ்சுச்சு, அந்தக் கல்லு மேல ஒரு குச்சி நட்டு "இதான் ரங்கநாதர் கோயில்"னு அவளே சொன்னா. அதுக்கப்புறம் பாத்ரூம்ல குளிக்கும்போதெல்லாம் மக்கு தண்ணியில கொள்ளிடம் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இப்போ எங்க குடும்பத்துல எல்லாரும் மறக்காத பயணம், ஊட்டி ரயில். அதுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரு சொந்தம் இருக்கு. எங்க மாமனார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல பிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. 1928ல நாகப்பட்டினத்துல இருந்து இங்க மாத்தின ஒர்க்‌ஷாப் அது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் மலை ஏறுற நீராவி எஞ்சின்ல, புதுசா வந்ததெல்லாம் நம்ம பொன்மலையில செஞ்சதுதான். அவரு வேலையில இருந்தப்போ அந்த எஞ்சினோட வேலை நடந்துச்சு, அவரு கையும் அதுல பட்டிருக்கு. ஆனா பாருங்க, அத்தன வருஷம் சர்வீஸ்ல இருந்த மனுஷன் அந்த ரயில்ல ஒரு தடவ கூட ஏறி மலைக்குப் போனதில்ல. வேலை, பிள்ளைங்க படிப்பு, தங்கச்சி கல்யாணம்னே காலம் போயிருச்சு. இத ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சோட பேச்சா சொன்னாரு. அன்னைக்கு ராத்திரியே நானும் வீட்டுக்காரரும் முடிவு பண்ணிட்டோம், அவரோட எழுபதாவது பொறந்தநாளுக்கு இதுதான்னு. டிக்கெட் கெடைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல, ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும்.

முதல் நாள் மேட்டுப்பாளையத்துல தங்கிட்டு காலையில 7 மணி வாக்குல வண்டியில உக்காந்தோம். ஊட்டிக்கு மொத்தமே 46 கிலோமீட்டர்தான், ஆனா ஏறுறதுக்குக் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். கல்லாறு தாண்டினா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு பல்லா ஒரு இரும்புப் பட்டை வரும், எஞ்சினுக்கு அடியில இருக்குற பல்சக்கரம் அதக் கவ்விக்கிட்டே ஏறும், எஞ்சின் முன்னாடி நின்னு இழுக்காம பின்னாடி நின்னு வண்டியத் தள்ளும். 2005ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சிருக்காங்க. பாப்பாவுக்கு அன்னைக்கு வேலை, குகைய எண்றது. 16 குகை இருக்குன்னு தாத்தா முதல்லயே சொல்லிட்டாரு. ஒவ்வொரு குகைக்குள்ள போகும்போதும் பெட்டியில இருக்குற அத்தன பேரும், பெரியவங்க உட்பட, ஓன்னு கத்துவாங்க, இவ கத்திக்கிட்டே நோட்டுல ஒரு கோடு போடுவா. தம்பிக்கு என்ன வேலைன்னா தாத்தாவோட மப்ளரப் புடிச்சுக்கிறது, அது கீழ விழாமப் பாத்துக்கணும், மலை ஏறினா குளிரும்ல.

ஹில்குரோவ் ஸ்டேஷன்ல எஞ்சினுக்குத் தண்ணி புடிக்க நிறுத்தினாங்க. எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க, குரங்குங்க பிஸ்கட்டப் புடுங்கிக்கிட்டு ஓடுச்சு. எங்க மாமனார் மட்டும் நேரா பின்னாடி எஞ்சின்கிட்ட போனாரு. அங்க இருந்த ஸ்டாப்கிட்ட "நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்புங்க"ன்னு சொன்ன உடனே அந்தத் தம்பிங்க "வாங்கய்யா"ன்னு கூப்பிட்டுப் பேசினாங்க பாருங்க, அப்படி ஒரு மரியாதை. இவரு எஞ்சின ஒவ்வொரு எடமா கை நீட்டிக் காட்டி பாப்பாவுக்குச் சொல்லிக்கிட்டே வந்தாரு, இது சிலிண்டரு, இது இன்னது இது இன்னதுன்னு. என் வீட்டுக்காரர் தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்பா என்ன வேலை பாத்தாருன்னு அவருக்கே அன்னைக்குதான் முழுசாத் தெரிஞ்சுச்சுன்னு சொன்னாரு. குன்னூர்ல நீராவி எஞ்சினக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவாங்க, அப்போ மாமனாருக்கு மூஞ்சி கொஞ்சம் வாடிப் போச்சு. பாப்பா கணக்குல 14 குகைதான் வந்துச்சு, நடுவுல தூங்கிட்டா, "மிச்சம் ரெண்ட எறங்கும்போது எண்ணிக்கலாம்"னு தாத்தா சமாதானம் சொன்னாரு. ஊட்டியில போட்டிங், கார்டன் எல்லாம் போனோம், நல்லாதான் இருந்துச்சு, அதப் பத்தித் தனியா சொல்றதுக்கு ஒன்னும் இல்ல.

ஸ்கூல் திறந்ததும் "என் லீவு நாள்"னு நாலு வரி எழுதச் சொல்லியிருக்காங்க, இவ நாலு வரியும் அந்த எஞ்சினப் பத்தியே எழுதியிருக்கா, அதுல ஒரு வரி, "எங்க தாத்தா செஞ்ச ரயில் மலை ஏறும்." மாமனார் அந்த நோட்ட வாங்கிக் கண்ணாடி போட்டுப் படிச்சாரு. அப்புறம் அக்கம்பக்கத்துல எல்லாரும் படிச்சாங்க.

கடைசியா, இன்னும் கொஞ்ச நாள்ல ஆடி பொறக்கப் போகுது, அதனால எங்க அம்மா ஊர்ப் பழக்கம் ஒன்னச் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். நான் பொறந்தது கரூர். எங்க பக்கம், சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கமெல்லாம் ஆடி 1 அன்னைக்குத் தேங்கா சுடுவோம், திருச்சியில நிறைய பேருக்கு இது தெரியாது. தேங்கா நார எல்லாம் உரிச்சுட்டு, சிமெண்டுத் தரையில தேச்சுத் தேச்சு வழவழன்னு ஆக்கணும், இது முழுக்கப் பிள்ளைங்க வேலைதான். அப்புறம் ஒரு கண்ண மட்டும் தொறந்து பாதித் தண்ணிய ஒரு டம்ளர்ல எடுத்துட்டு, அந்த ஓட்ட வழியா ஊற வெச்ச பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, அவல், எள்ளு, பொடிச்ச வெல்லம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அடைக்கணும், எடுத்த தண்ணியில கொஞ்சம் திரும்ப ஊத்தணும். நீளமான அழிஞ்சில் குச்சிய சீவி அந்தக் கண்ணுல சொருகி, மஞ்சள் தடவி, வாசல்ல தீ மூட்டி, குச்சியப் புடிச்சுக்கிட்டுத் திருப்பித் திருப்பிச் சுடணும். ஓடு டப்புன்னு வெடிக்கும், அப்போ வெந்துருச்சுன்னு அர்த்தம். பிள்ளையாருக்குப் படைச்சிட்டு ஒடச்சு சாப்பிட்டா, வெல்லமும் தேங்காயும் அந்தப் பொகை வாசமும் சேந்து அப்படி இருக்கும்.

போன வருஷம் எங்க பொன்மலைப்பட்டி வாசல்லயே சுட்டோம், தெருவே வந்து நின்னு பாத்துச்சு. இந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்களும் கேட்டிருக்காங்க, அதனால கரூர்ல இருந்து எங்க அண்ணன் கூடுதலா ஒரு கட்டு குச்சி எடுத்துக்கிட்டு வர்றாரு. பாப்பா இந்தத் தடவ அவங்க அப்பா கையோட கை சேத்து குச்சியப் புடிக்கப் போறா. தம்பிக்கு நெருப்புகிட்ட நிக்கிற வயசு இல்ல, அவனுக்கு அவல் அடைக்கிற வேலை, அவன் அடைக்கிறதுல முக்கால்வாசி அவன் வாய்க்குதான் போகும்ங்கிறதால அவல் அரை கிலோ சேத்தே வாங்கி வெச்சிருக்கோம். பேச வாய்ப்பு குடுத்தவங்களுக்கும் பொறுமையாக் கேட்ட உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வணக்கம்.