பெண்டிங்க் தீவின் கல்சுவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே, கார்பெண்டாரியா வளைகுடாவுக்குள் பெண்டிங்க் என்றொரு தீவு இருக்கிறது. பெயர் நமக்குப் பழக்கமானதுதான். வேலூர்ப் புரட்சிக்குப் பின் பதவியிழந்தாரே, அந்த மதராஸ் கவர்னரின் பெயர். 1802-இல் அந்தக் கரையை அளந்து வரைந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ், திரும்பும் வழியில் மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கிக்கொண்டார். தம் விடுதலைக்காக அக்கறை எடுத்துக்கொண்டவர் என்ற நன்றியில் கவர்னரின் பெயரைத் தீவுக்குச் சூட்டிவிட்டார். அங்கே குடியிருந்தவர்களை யார் கேட்டது!

குடியிருந்தவர்கள் கயடில்ட் மக்கள். 1940-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 120 பேர். அவர்களுக்குச் சோறு போட்டது கடல். கடலிலிருந்து சோற்றைக் கரைக்குக் கொண்டுவந்தது கல்சுவர்.

இந்தச் சுவரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடல் வற்றும்போது வெளியே தெரியும் தட்டையான கரையில், கற்களைச் சாந்து இல்லாமல் வில்போல வளைத்து அடுக்குவார்கள். இரு முனைகளும் கரையை நோக்கித் திரும்பியிருக்கும். பெருக்கில் சுவர் முழுவதும் மூழ்க வேண்டும். அப்போதுதான் மீன் மேலே நீந்தி உள்ளே வரும். வற்றும்போது கல் இடுக்குகள் வழியே தண்ணீர் வடியும், மீன் தங்கிவிடும். ஈட்டியோடு இறங்கினால் போதும். உயரம் கூடினால் மீன் வருவது குறையும். ஒரு கல் சரிந்து வாய் திறந்தாலோ அன்றைய மீன் அவ்வளவும் அந்த வழியாகவே போய்விடும். அந்த வளைகுடாவின் தென்பகுதியில் பெரும்பாலும் நாளுக்கு ஒரே பெருக்கு, ஒரே வற்று. தவறவிட்டால் மறுநாள்தான். அதனால் கல்லை எடுத்து வைக்கும் வேலை ஓய்வதே இல்லை.

படகு கிடையாது, காய்ந்த அலையாத்திக் கட்டைகளைக் கட்டிய தெப்பம்தான். கட்டை தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தெப்பம் தாழும். நீண்ட பயணங்களில் பலர் மூழ்கியிருக்கிறார்கள். வெளியுலகத் தொடர்பு இவ்வளவு தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடர்பு வந்தபோது துப்பாக்கியோடு வந்தது. 1918 வாக்கில் மெக்கென்சி என்ற வெள்ளையன் குதிரையில் தீவைச் சுற்றி மக்களைச் சுட்டுக்கொன்றான். பிழைத்தவர்கள் சொன்னதைப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுத்தில் பதிந்தார்கள்.

1940-களின் நடுவில் கடும் வறட்சி. 1948 பிப்ரவரியில் புயல் அலை தாழ்வான நிலத்தில் ஏறி, நன்னீர்க் குழிகளை உப்பாக்கியது. அதே ஆண்டு, எஞ்சியவர்களை வடமேற்கிலுள்ள மார்னிங்டன் தீவில் பிரெஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபை நடத்திய மிஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

புயல்தான் அவர்களை அழித்தது என்று சொல்வதுண்டு. எனக்கு அது பாதிதான் சரி. புயல் எடுத்தது தண்ணீரை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் போட்டது மிஷன். இடம்பெயர்ந்த பின் சில ஆண்டுகள் பிறந்த குழந்தை ஒன்றுகூடத் தங்கவில்லை. அவர்கள் பேசிய கயர்டில்ட் மொழி அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றதும் அங்கேதான். பெயர்ச்சொல்லும் காலம் காட்டும் அபூர்வமான மொழி அது. மொழியியலாளர் நிக்கோலஸ் எவன்ஸ் 1995-இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டபோது சரளமாகப் பேசியவர்கள் முதியவர்கள் மட்டுமே.

1924 வாக்கில் பிறந்த கயடில்ட் பெண் சாலி கபோரி, 2005-இல், எண்பதை ஒட்டிய வயதில் தூரிகை எடுத்தார். பெண்டிங்க் தீவின் இடங்களையே வரைந்தார், மீன்சுவர்கள் உட்பட. 2015-இல் மறைந்தார், 2022-இல் பாரிஸில் அவருக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது.

தீவின் நின்யில்கியில் சிறு குடியிருப்பு அமைத்து முதியவர்கள் சிலர் திரும்பினார்கள். கடலுக்கும் வழக்காடினார்கள், அண்டைத் தீவு மக்களோடு சேர்ந்து. 2004-இல் ஃபெடரல் நீதிமன்றம் கடலில் அவர்களின் பூர்வீக உரிமையை ஏற்றது. சொந்தத் தேவைக்கு மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், சடங்கு செய்யலாம். ஆனால் அது பிறரை விலக்கும் உரிமை அல்ல: உரிமம் வாங்கி வரும் வணிகப் படகை, ‘இது எங்கள் கடல், போ’ என்று சொல்ல முடியாது.