எட்டு நாய், நான்கு குட்டி, பதினாறு கிண்ணம்

நேயர்களுக்கு வணக்கம்.

"ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு "ஐம்பத்தாறு" என்று சொல்லும் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவனிடம் ஒருநாள், "எட்டு நாய்களுக்கு, நாளுக்கு ஒரு கிண்ணம் வீதம், ஏழு நாளைக்கு எத்தனை கிண்ணம் தீனி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "கூட்டணுமா டீச்சர், பெருக்கணுமா?" என்றான்.

அந்தக் கேள்வி என்னை வெகுநாள் விடவில்லை. வாய்ப்பாடு அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். அதை எப்போது எடுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அப்புறம்தான் வகுப்பில் விலங்குகள் காப்பகம் ஒன்றைத் தொடங்கினோம். கரும்பலகையில்தான். பெரிய நாய்கள் எட்டு, குட்டிகள் நான்கு, பூனைகள் ஐந்து. ஒரு வாரத்துக்கு வேண்டியதை எல்லாம் பிள்ளைகளே திட்டமிட வேண்டும்.

முதலில் கிண்ணக் கணக்கு. பெரிய நாய்க்குக் காலை, மாலை இரண்டு வேளை. குட்டிகளுக்கு வயிறு சிறியது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை. நம் மொழியில் இதற்கு அழகான சொற்கள் இருக்கின்றன: பெரிய நாய்களுக்கு இவ்விரண்டு கிண்ணம், குட்டிகளுக்கு நந்நான்கு கிண்ணம். பேச்சில் இரண்டிரண்டு, நாலு நாலு என்கிறோமே, அதேதான். இந்த இரட்டைச் சொல் காதில் விழுந்தாலே அங்கே பெருக்கல் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 'ஒவ்வொன்றுக்கும்' என்ற சொல்லும் அப்படித்தான்.

எட்டு நாய்க்கு இரண்டிரண்டு, பதினாறு. நான்கு குட்டிக்கு நாலு நாலு, அதுவும் பதினாறு. "குட்டி பாதிதானே இருக்கு, எப்படி ஒரே கணக்கு வரும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பதில் சொல்லாமல், பொத்தான்களைக் கொடுத்து அடுக்கச் சொன்னேன். இரண்டிரண்டாக எட்டு வரிசை அடுக்கினாள். அப்புறம் கீழே இருந்த நான்கு வரிசைகளை அப்படியே நகர்த்தி, மேல் நான்கு வரிசைகளின் பக்கத்தில் ஒட்டவைத்தாள். நாலுக்கு நாலு சதுரம் வந்துவிட்டது. ஒரு பக்கம் பாதியானால் மறுபக்கம் இரட்டிப்பாகிறது என்பதை அவள் விரலாலேயே கண்டுபிடித்தாள். நான் சொல்லியிருந்தால் அது அவளுடையதாக ஆகியிருக்காது.

அடுத்தது மூட்டைக் கணக்கு. வேளைக்கு 300 கிராம் என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் நாயின் எடையைப் பொறுத்து அளவு மாறும், அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பெரிய நாய்களுக்கு ஒரு நாளைக்குப் பதினாறு கிண்ணம், 4,800 கிராம். ஏழு நாளைக்கு 33,600 கிராம். ஒரு மூட்டை 10 கிலோ என்றால் எத்தனை மூட்டை? பாதி வகுப்பு 'மூன்று' என்று எழுதியது. மூன்றரைக்கும் கீழேதானே இருக்கிறது, பக்கத்து முழு எண் மூன்றுதான் என்று காரணமும் சொன்னார்கள்.

நான் தப்பு என்று சொல்லவில்லை. "சரி, மூன்று மூட்டை வாங்கிவிட்டோம். நாள் நாளாகப் போட்டுப் பாருங்கள்" என்றேன். ஆறு நாளில் 28,800 கிராம் போய்விட்டது. மிச்சம் 1,200 கிராம், அதாவது நான்கு கிண்ணம். ஏழாம் நாள் காலையில் நான்கு நாய்கள் சாப்பிடுகின்றன, நான்கு நாய்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பையன் எழுந்து வந்து, யாரும் சொல்லாமலே மூன்றை அழித்துவிட்டு நான்கு என்று எழுதினான். சிவப்பு மையால் நான் போடும் எந்தத் தவறுக்குறியும் அந்த வேலையைச் செய்ததில்லை.

பூனைகளிடம் வேறு பாடம் இருந்தது. ஒரே அறையில் சேர்ந்து வாழும் பூனைகளுக்கு, மலசலம் கழிக்கப் பூனைக்கு ஒரு மணல் தட்டு, கூடவே அதிகப்படியாக ஒன்று வைப்பது நல்லது என்பார்கள். ஐந்து பூனைக்கு ஆறு தட்டு. அதுவரை எல்லாவற்றையும் பெருக்கிப் பழகிய பிள்ளைகள் இங்கேயும் ஐந்தை இரண்டால் பெருக்கிப் பத்து என்றார்கள். அந்தக் கூடுதல் தட்டு ஒவ்வொரு பூனைக்குமா, மொத்தத்துக்கும் ஒன்றா? இதை அவர்களே வாதாடித் தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரம் ஆனது. அந்த நேரம் வீண் என்று நான் நினைக்கவே இல்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். எண்ணை மட்டும் எழுதவிடாதீர்கள், பக்கத்தில் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எட்டு நாய், நாய்க்கு இரண்டு கிண்ணம், ஆக பதினாறு கிண்ணம். பெயர் இல்லாத பதினாறு, நாயா கிண்ணமா கிராமா என்று அடுத்த வரியிலேயே மறந்துபோகும்.

வாரக் கடைசியில் கரும்பலகையில் இன்னொரு குட்டியை வரைந்து, "இது இப்போதுதான் வந்தது. குட்டிகளுக்கு இனி எத்தனை கிண்ணம்?" என்று கேட்டேன். 'கூட்டணுமா, பெருக்கணுமா' என்று அன்று கேட்ட அதே பையன் சட்டென்று "பதினேழு" என்றான். சொன்னவன் உட்காரவில்லை. எழுந்து பலகைக்கு வந்தான். குட்டிகளின் நான்கு வரிசைக்குக் கீழே புதிதாக ஒரு வட்டம் போட்டான். கொஞ்சம் நின்று, பக்கத்தில் இன்னும் மூன்று வட்டம் போட்டான்.