போன்சாய்த் தொட்டிக்குள் எந்த மண்?

வணக்கம் நேயர்களே. ஆசையாக வாங்கி வந்த போன்சாய் மூன்றாவது மாதம் இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கினால், நம் சந்தேகம் முதலில் தண்ணீர் மேல்தான் போகும். கூடிவிட்டதோ, குறைந்துவிட்டதோ என்று குழம்புவோம். ஒருமுறை தொட்டியைச் சாய்த்து உள்ளே இருப்பதைப் பாருங்கள். பல கடைகளில் விற்கும் மரங்களில் அடியில் இறுகிப்போன களிமண், மேலே பசை போட்டு ஒட்டிய கூழாங்கல். இந்தக் கட்டிக்குள் தண்ணீர் சரியாக இறங்காது, இறங்கினாலும் வெளியேறாது. அதனால் இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் மண்ணைப் பற்றித்தான்.

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவிடுங்கள். படுக்கைவாட்டில் பிடித்துத் தூக்கினால் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது பிழியாமல், அதே ஸ்பாஞ்சைச் செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். மறுபடியும் ஒழுகும். ஸ்பாஞ்சும் அதே, தண்ணீரும் அதே. உயரம் மட்டும்தான் கூடியிருக்கிறது. தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. மண்ணின் அடிப்பகுதியில் ஓர் உயரம் வரை தண்ணீர் வடியாமல் நிற்கும். அது எவ்வளவு உயரம் என்பதைத் துகளின் பருமன் தீர்மானிக்கிறது, தொட்டியின் ஆழம் அல்ல. துகள் பொடியாக இருந்தால் அந்த உயரம் கூடும். ஓரடி ஆழத் தொட்டியில் தோட்டமண் போட்டால் அடியில் மட்டும் சேறாக இருக்கும், மேலே வேர் மூச்சுவிடும். அதே மண்ணை 5 சென்டிமீட்டர் ஆழப் போன்சாய்த் தட்டில் போட்டால் தட்டு முழுவதுமே சேறுதான்.

இதில் நம் சிங்கப்பூருக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அதே சூட்டில் வேரின் சுவாசத் தேவையோ கூடும். குளிர்நாட்டில் ஒரு வாரம் ஈரத்தில் நின்று பிழைக்கும் வேர், 30 டிகிரி வெயிலில் சீக்கிரமே அழுகிவிடும். பை பையாக விற்கும் கறுப்புத் தொட்டிமண்ணும் இந்தச் சூட்டில் சில மாதங்களிலேயே மக்கிப் பொடியாகிவிடுகிறது.

ஆகவே போன்சாய்க்குப் பொடிமண் ஆகாது, மணி மணியாக இருக்க வேண்டும். எரிமலைக் கல், பியூமிஸ், அகடாமா ஆகிய மூன்றையும்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். எரிமலைக் கல் நொறுங்காது, காற்றுக்கு இடம் விடும். பியூமிஸும் எரிமலையிலிருந்து வரும் கல்தான், ஆனால் லேசானது. அதன் நுண்துளைகள் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கும். அகடாமா என்பது ஜப்பானில் வெட்டியெடுக்கும் களிமண் மணி. நீரையும் உரத்தையும் தக்கவைக்கும், ஆனால் ஓரிரு ஆண்டில் உடைந்து கூழாகும். விலையும் அதிகம். அதற்குப் பதிலாக இங்கே நர்சரிகளில் கிடைக்கும் சுட்ட மண்ணை, அதாவது சூளையில் சுட்ட களிமண் மணிகளைப் போடலாம். எல்லாச் சுட்ட மண்ணும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. நாலைந்து மணிகளை ஒரு கோப்பைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் விரலால் நசுக்குங்கள். உருண்டையாகவே நின்றால் நல்லது. சேறாகக் கரைந்தால் அந்தப் பை பூச்செடிக்குப் போகட்டும்.

அளவு சொல்கிறேன். 20 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 5 ஆழம் உள்ள தட்டுக்கு ஒன்றரை லிட்டர் கலவை வேண்டும். டின் பால் காலி டப்பா ஒன்று சுமார் 300 மில்லிலிட்டர் பிடிக்கும். எரிமலைக் கல் 2 டப்பா, பியூமிஸ் 2, அகடாமா அல்லது சுட்ட மண் 1. மரம் வைத்தபின் கொஞ்சம் மிஞ்சும், அது அடுத்த மாதம் மேலே தூவ உதவும். மேற்கு வெயில் சுள்ளென்று அடிக்கும் பால்கனியா, பகலில் வீட்டில் ஆள் இருக்கமாட்டார்களா? கடைசிப் பங்கை 2 ஆக்கி, எரிமலைக் கல்லை ஒன்றாகக் குறையுங்கள்.

அளப்பதற்கு முன் சலிக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் விழுந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது மட்டுமே நமக்கு. தூசியைச் சேர்த்துவிட்டால் மணிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அது அடைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய கல் மறுபடியும் களிமண்ணாகத்தான் வேலை செய்யும். சலிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தூசியைக் குளியலறையில் கழுவிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். அடியில் பெரிய சரளை போடுவது பழைய வழக்கம். 5 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டரை அதற்குக் கொடுத்தால் வேருக்குத்தான் இடம் குறையும். வேண்டாம் என்பதே என் கருத்து.

முதல் மரமாக ஃபைகஸ் மைக்ரோகார்பா வாங்குங்கள். ஆலமரத்தின் உறவு, நம் ஊர் வெயிலும் மழையும் அதற்குப் பழகியவை. சின்ன வெள்ளைப் பூ பூக்கும் வாட்டர் ஜாஸ்மினும் நன்றாக வரும், ஆனால் தாகம் அதிகம். ஜப்பானிய மேப்பிள் மீது ஆசைப்பட வேண்டாம். ஆண்டுதோறும் குளிரில் உறங்க வேண்டிய மரம் அது.

மண் மாற்றும்போது தொட்டித் துளைகளில் வலை வைத்து, ஒரு கம்பியை அடியிலிருந்து இரு முனையும் மேலே வரும்படி கோத்துக்கொள்ளுங்கள். பழைய மண்ணைக் குச்சியால் உதிர்த்து, வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். வேர் காயக் கூடாது, பக்கத்தில் தண்ணீர்த் தெளிப்பான் இருக்கட்டும். மரத்தை வைத்துக் கம்பியை முறுக்கிக் கட்டுங்கள். ஆடுகிற மரத்தில் புதிதாக விடும் மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். இங்கே சுமத்ராக் காற்று, அதாவது சுமத்ரா பக்கமிருந்து மழையோடு வரும் பலத்த காற்று, வீசும் விடியற்காலையில் கட்டாத மரம் தொட்டியைவிட்டே வந்துவிடும். பிறகு கலவையைப் போட்டு, காப்பிக்கடை சாப்ஸ்டிக்கால் வேர்களுக்கு இடையே குத்திக் குத்தி இறக்குங்கள். கையால் அழுத்த வேண்டாம். அடியில் வரும் தண்ணீர் தெளிவாகும்வரை ஊற்றி, இரண்டு மூன்று வாரம் நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

தண்ணீருக்கு நாள் கணக்கு கிடையாது. அந்தச் சாப்ஸ்டிக்கையே மண்ணில் செருகி 10 நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். நுனி கறுத்து ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். லேசாக மட்டும் ஈரம் தெரிந்தால் ஊற்றுங்கள். மணிக்கலவையில் வெயில் நாளில் ஒன்றிரண்டு முறை தேவைப்படும். ஊற்றினால் அடித்துளையில் ஓடும்வரை ஊற்ற வேண்டும், சும்மா நனைத்துவிட்டு வருவது ஆகாது. பிப்ரவரியில் மழை குறையும்போது காலையிலும் மாலையிலும் பார்க்கவேண்டும். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் பெய்தால் கூரைக்கடியில் நகர்த்துங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். இறுகிய மண்ணின் மேல் நிற்கும் நீரும் அதற்குப் போதும். அதனால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியம் இறுகிய மண்ணைக் கிளறிவிடச் சொல்கிறது. மணிக்கலவையில் அந்தத் தொல்லை இல்லை, தட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி கூடவே கூடாது.

இந்தக் கலவையில் சத்து ஏறக்குறைய இல்லை, ஆகவே உரம் நாம்தான் தரவேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள திரவ உரத்தை உறையில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும், முதலில் தண்ணீர், பிறகு உரம்.

இலை மஞ்சளானால் மூக்கைத் தொட்டித் துளைக்கு அருகில் கொண்டுபோங்கள். புளித்த, சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகியிருக்கிறது. கறுத்துக் குழைந்ததை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் மாற்றுங்கள். வாடை இல்லாமல் தொட்டி தூக்க லேசாக இருந்தால் மரம் காய்கிறது. இரண்டும் இல்லை, வரவேற்பறை அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்றால் வெளிச்சம் போதவில்லை. சன்னலோரத்துக்குக் கொண்டுபோங்கள், நாலைந்து மணி நேரம் வெயில் விழும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரேயடியாக மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், இல்லையென்றால் இருக்கிற இலையும் வெந்துபோகும்.

நன்றி, வணக்கம்.