அணியை நிமிர்த்தியவர் கோல் காத்தவரே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் தொடக்க காலத்தில் அணியைத் தூக்கி நிறுத்தியவர் கோல் அடித்தவரா, கோல் காத்தவரா? எதிரணி நண்பர் ஜோ மாலோனைத் துணைக்கு அழைத்தார். 1917-18 பருவத்தில் 20 ஆட்டங்களில் 44 கோல், மறுக்கவில்லை. ஆனால் அப்போது மாலோன் ஆடியது மான்ட்ரியல் கனடியன்ஸ் அணிக்கு. அந்த அணியின் கோல்காப்பாளர் யார்? ஜார்ஜ் வெசினா! அந்தப் பருவம் முழுக்க வெசினாவுக்கு எதிராக ஒரு பக்கைக்கூட, அதாவது ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான வட்டைக்கூட, அடிக்க வேண்டிய நிலை மாலோனுக்கு வரவில்லை ஐயா!

இன்னொன்றையும் நண்பர் விட்டுவிட்டார். 1918 ஜனவரி வரை, பக்கைத் தடுக்கக் கோல்காப்பாளர் ஐஸில் விழக்கூடாது. விழுந்தால் தண்டனை. 6 அடி அகலம், 4 அடி உயரமுள்ள கோல்வாயை நின்றபடியே அடைக்க வேண்டும். முகமூடி கிடையாது. ஐஸை ஒட்டி ஓரமாக வரும் பக்கைப் பெரும்பாலும் மட்டையால்தான் தடுக்க வேண்டும். மட்டையை நேராகக் காட்டினால் பக் திரும்பவும் எதிராளியின் காலடிக்கே போகும். அடுத்த அடி தப்பாது. சாய்த்துக் காட்டி மூலைக்குத் திருப்பிவிட வேண்டும். அந்த மட்டை வேலையில் வெசினா கைதேர்ந்தவர். விதி தளர்ந்த பிறகும் அவர் பெரும்பாலும் நின்றே ஆடினார்.

கியூபெக்கின் சிகூடிமியில் 1887இல் பிறந்தவர். 1910 கடைசியில் அணிக்கு வந்து, 1925 நவம்பர் வரை ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. ஐஸ் ஹாக்கியின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை 1924இல் எப்படி வென்றார்கள்? இறுதிச் சுற்றுகளில் ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி, வெசினா விட்டது மொத்தம் 6 கோல். அதிலும் 1-0, 3-2, 2-1 என்று மூன்று ஆட்டங்கள் ஒரே கோல் வித்தியாசம்!

1925 நவம்பர் 28, பிட்ஸ்பர்க்குடன் ஆட்டம். கடும் காய்ச்சலோடு நின்று முதல் கட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை அந்த மனிதர். இரண்டாம் கட்டத்தில் முடியாமல் வெளியேறினார். காசநோய். 1926 மார்ச் 27இல் இறந்தார்.

நடுவர் அவர்களே, அதற்கு முந்தைய பருவத்தில் கனடியன்ஸ் 30 ஆட்டங்களில் வாங்கியது 56 கோல். அவர் இல்லாத பருவத்தில் 36 ஆட்டங்களில் 108! ஏழு அணிகளில் கடைசி இடம். கோல் அடிக்கும் ஹோவி மோரென்ஸ் இருந்தார், ஆரெல் ஜோலியாட் இருந்தார். இருந்தும் ஏன் கடைசி? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.