நின்றவர்களே! – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் மண்டபம் நிறைய வந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"1990களின் தொடக்கத்தில் கனடிய நகைச்சுவைக்குப் பெருமை சேர்த்தவர்கள் அமெரிக்காவுக்குப் போனவர்களா, இங்கேயே நின்றவர்களா?" இதுதான் இன்றைய தலைப்பு. நான் நின்றவர்களின் பக்கம். ஊரை விட்டு ஓடிவந்த ஒருவன் நின்றவர்களுக்காக வாதாட வந்திருக்கிறானே என்று நடுவர் சிரிப்பது தெரிகிறது. வெளிக்கிடும்போது எதையெதை விட்டுவிட்டு வெளிக்கிட வேண்டும் என்று அனுபவித்தவன் நான்தானே ஐயா? இந்தப் பக்கம் பேச என்னைவிடத் தகுதியான ஆள் யார்?

எதிரணித் தலைவர் இரண்டே பெயர்களை வைத்து மேடையை அதிரவைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜிம் கரி, மைக் மயர்ஸ். இரண்டு பேரும் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன நகைச்சுவை நடிகர்கள். முதலாமவர் பதின்ம வயதில் குடும்பத்தோடு ரொறன்ரோவின் கிழக்கே இதே ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்தவர். மற்றவர் இதே ஸ்காபரோவில் வளர்ந்தவர். 1994 என்ற ஒரே ஆண்டில் கரிக்கு மூன்று படங்கள், மூன்றும் வசூலை அள்ளின. நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அந்த மூன்று படங்களும் எங்கே நடக்கின்றன? ஒன்று மயாமியில். ஒன்று றோட் ஐலண்டில் தொடங்கிக் கொலராடோ மலைக்குப் போகிறது. மற்றது கற்பனை நகரம். நியூமார்க்கெட்டில் பிறந்து, ரொறன்ரோவின் யக் யக்ஸ் நகைச்சுவை மன்ற மேடையில் அடிபட்டுத் தேறிய மனுசன். படத்தில் ஒன்ராறியோ மருந்துக்கும் இல்லை!

மயர்ஸின் கதை இன்னும் விசேஷம். நீளத் தலைமயிரும் கறுப்பு ரீ-ஷேர்ட்டுமாக வரும் வெய்ன் என்ற பாத்திரம், 1987இலேயே கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் நிகழ்ச்சி ஒன்றில் வந்துவிட்டான். அச்சு அசல் ஸ்காபரோப் பெடியன். நியூயோர்க்கில் 'சற்றர்டே நைற் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி மேடையில் ஏறியதும் அவனுக்கு ஊர் மாறிவிட்டது, இலினோய் மாநிலத்து அரோராவாம். 1992இல் படம் வந்தது. "அதில் வருகிற டோனட் கடை நம்முடைய ரிம் ஹோர்ட்டன்ஸ்தானே" என்றார் எதிரணித் தலைவர். சரிதான். ஆனால் கடைப் பலகையில் இருப்பது யார் பெயர்? சிக்காகோ அணிக்கு விளையாடிய ஸ்ரான் மிகிற்றா! ஹொக்கி வீரர் பெயரில் கடை என்ற எங்கள் பகிடியை எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் ஓர் அமெரிக்க விலாசம் தேவைப்பட்டிருக்கிறது. நீங்கள் அதைப் பெருமை என்கிறீர்கள். நான் சுங்கவரி என்கிறேன்.

இனி நின்றவர்களைப் பார்ப்போம். 1984இல் ரொறன்ரோவில் 'கிட்ஸ் இன் த ஹோல்' நகைச்சுவைக் குழு சேர்ந்தது. டேவ் ஃபோலி, புரூஸ் மக்கலொக், கெவின் மக்டொனால்ட், மார்க் மக்கின்னி, ஸ்கொட் தொம்சன் என்று ஐந்து பேர். குவீன் வீதி மேற்கில் உள்ள றிவோலியின் சின்ன மேடையில் வளர்ந்து, 1989இலிருந்து 1995 வரை சிபிசியில் ஓடினார்கள். "'சற்றர்டே நைற் லைவ்'இன் லோர்ன் மைக்கல்ஸ் தயாரித்தார், அமெரிக்கத் தொலைக்காட்சி எச்பிஓ காசு போட்டது, அப்படியென்றால் அது அமெரிக்கச் சரக்கு" என்று எதிரணி மடக்கப் பார்த்தது. மைக்கல்ஸே ரொறன்ரோக்காரர் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். மக்கலொக்கும் மக்கின்னியும் 80களின் நடுவில் நியூயோர்க்குக்குப் போய் அந்த 'சற்றர்டே நைற் லைவ்'இலேயே எழுத்தாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். போய்ப் பார்த்தும் வந்தார்கள் ஐயா! அவர்களுக்குப் பின்னால் காசும் வடக்கே வந்தது.

அதில் மக்கின்னி செய்யும் ஒரு பாத்திரம் உங்களில் கனபேருக்கு நினைவிருக்கும். ஒரு தனிமனிதன், ஏதோ விசித்திரமான உச்சரிப்பு. தூரத்தில் கோட் சூட் போட்ட பெரிய மனுசர்கள் நடந்துபோவார்கள். இவன் ஒரு கண்ணை மூடி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அவர்கள் தலை தெரியும்படி கையைப் பிடித்து, நசுக்குவான். அவ்வளவுதான் பகிடி. அந்த ஆண்டுகளில் வந்திறங்கி, இரவு வேலை முடிந்து வந்து, ஆங்கிலம் பாதி விளங்கியும் விளங்காமலும் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்த எங்கட ஆட்களுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதா? முதலாளியின் தலையை மனதுக்குள் நசுக்காதவன் இந்த மண்டபத்தில் இருந்தால் கை தூக்குங்கள். நடுவரே தூக்கவில்லை!

பெண் வேடங்களையும் ஐவருமே கட்டினார்கள். சேலையை இழுத்துவிட்டு இளித்துக் காட்டுகிற கூத்து இல்லை. அலுவலகத்தில் வேலை செய்கிற, சம்பளத்துக்கும் மனேஜருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சாதாரணச் செயலாளர்கள். தான் ஒருபாலீர்ப்பாளர் என்பதை ஸ்கொட் தொம்சன் மறைக்கவில்லை. எயிட்ஸ் பயத்தில் அந்தச் சமூகமே ஒடுங்கிக் கிடந்த காலத்தில், கையில் மதுக் கிண்ணத்தோடு ஸ்டூலில் அமர்ந்து, நேரே கமராவைப் பார்த்துப் பேசுகிற 'படி கோல்' என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அதே ஆள் அடுத்த காட்சியில் இரண்டாம் எலிசபெத் மகாராணியாகவும் வருவார்.

கிழக்கே போவோம். நியூஃபவுண்ட்லாந்தின் 'கொட்கோ' நகைச்சுவைக் குழு. சென் ஜோன்ஸ் நகரில் கத்தோலிக்கச் சகோதரர்கள் நடத்திய மவுண்ட் கஷெல் அநாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகள் 1989இல் பெரிதாக வெடித்தன. அந்தத் தீவில் மேற்றிராணியாரை எதிர்த்துப் பேசுவது என்ன பாடு என்பது, கோயிலடியில் வளர்ந்த எங்களுக்கு விளங்கும். கொட்கோ மூன்று பாதிரிமாரை உட்காரவைத்து ஒரு காட்சி எழுதியது. 1991இல் சிபிசி அதை ஒளிபரப்ப மறுத்தது. குழுவில் ஒருவரான அன்டி ஜோன்ஸ் நிகழ்ச்சியை விட்டே வெளியேறினார்.

"பார்த்தீர்களா, உங்கள் சிபிசியே வாயைப் பொத்தியது" என்று எதிரணி துள்ளும் என்று தெரிந்துதான் இதை நானே சொல்கிறேன். பொத்தியது உண்மை, வெட்கக்கேடு. ஆனால் பொத்தவேண்டிய ஒரு வாய் இங்கேதான் இருந்தது. கொட்கோவில் இருந்த மேரி வோல்ஷும், அன்டியின் தங்கை கதி ஜோன்ஸும் அதோடு முடங்கிவிடவில்லை. இன்னும் இரண்டு நியூஃபவுண்ட்லாந்துக்காரரான கிரெக் தோமியையும் றிக் மேர்சரையும் சேர்த்துக்கொண்டு, 1993 ஒக்ரோபரில் ஹலிஃபக்ஸில் ஒரு செய்திக் கேலி நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். 'திஸ் அவர் ஹஸ் ருவென்ரி ரூ மினிற்ஸ்'.

மேர்சர் யார்? 1990இல், கியூபெக்கை அரசியலமைப்புக்கு இணங்கவைக்க எழுதிய மீச் ஏரி ஒப்பந்தம் கவிழ்ந்தபோது, நியூஃபவுண்ட்லாந்து இல்லாமலே நாடு நன்றாயிருக்கும் என்ற தொனியில் ஒரு மூத்த பத்திரிகையாளர் எழுதினார். இருபது வயதுப் பெடியன் ஒட்டாவாவுக்கே போய், அந்தப் பெரியவரின் பெயரைத் தலைப்பிலேயே போட்டுத் தனியாள் நாடகம் நடத்தினான். அவன்தான் மேர்சர்.

அந்த நிகழ்ச்சி தொடங்கிய அதே மாதத்தில், ஒக்ரோபர் 25ஆம் திகதி பொதுத் தேர்தல். ஆட்சியில் இருந்த முற்போக்குப் பழைமைவாதக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு ஆசனம். கியூபெக்கை நாட்டிலிருந்து பிரிக்கவேண்டும் என்ற புளொக் கெபெக்குவா கட்சி 54 ஆசனங்களோடு மகாராணியின் விசுவாசமான எதிர்க்கட்சி ஆனது! இதற்கு மேல் நகைச்சுவை எழுத்தாளன் என்னத்தை எழுத? இதைப் பகிடி பண்ண ஹொலிவூட்டில் யார் இருந்தார்கள்? அதே இலையுதிர் காலத்தில், இருபது வருடம் வானொலியில் அரசியல்வாதிகளைக் கிழித்த 'எயார் ஃபார்ஸ்' குழுவும் வாராந்தத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. 1991இல் ஹமில்ற்றனில் தொடங்கிய 'றெட் கிறீன்' இருக்கிறார், எதையும் டக்ட் டேப்பால் ஒட்டித் திருத்துகிற மனுசன். அவரைப் பற்றி என் அணித் தம்பி பேசுவார்.

எதிரணியில் ஒருவரும் தொடாத ஓர் இடம், பிரெஞ்சு பேசும் கியூபெக். 1993இல் சிபிசியின் பிரெஞ்சுப் பிரிவான ரேடியோ-கனடாவில் 'லா பெத்தித் வீ' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. குப்பைப் பைகள் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா, கிளோட் மெனியே. அம்மா வேடத்தில் சேர்ஜ் தெரியோ, அவரும் ஆண்தான். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவைத்து, நின்றபடியே படுத்திருப்பார்கள். 1995இல் ஒரு வாரம் அதை 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கியூபெக்கின் சனத்தொகையே அப்போது ஏறக்குறைய 70 இலட்சம். ஜிம் கரியின் எந்தப் படம் ஐயா ஓர் ஊரில் பாதிச் சனத்துக்கு மேல் ஒரே இரவில் வீட்டில் உட்காரவைத்தது?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்துப் பேசவரும் எதிரணித் தங்கச்சி வசூல் கணக்கை டொலரில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் என்று கேள்வி. தாராளமாக வாசிக்கட்டும். அத்தனை டொலரில் மவுண்ட் கஷெல் பற்றி ஒரு வசனம், மீச் ஏரி பற்றி ஒரு வசனம் எந்தப் படத்தில் வந்தது என்பதையும் சபைக்குச் சொல்லிவிட்டு இறங்கட்டும். நன்றி, வணக்கம்.