20 ரூபாய்க்குப் புலம்பியவன் 2,830 ரூபாயை விட்ட கதை

வணக்கம் மக்களே. ஷேர் தரகருக்குக் கொடுக்கும் புரோக்கரேஜ் 20 ரூபாயா என்று பன்னிரண்டு நிமிடம் புலம்பி ஒரு வீடியோ போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நேற்று நானே 2,830 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் கமெண்டில் திட்டும் அதே ஸ்மால்கேப்தான், அதாவது சின்னக் கம்பெனி ஷேர். 5,000 ஷேரில் 3,000-ஐ விற்கலாம் என்று பார்த்தால் திரையில் 92.40. சோம்பேறித்தனம், மார்க்கெட் ஆர்டர் தட்டிவிட்டேன், அதாவது கிடைக்கிற விலைக்கு உடனே விற்றுவிடு என்று. அந்த விலைக்கு வாங்க ஆள் நின்றது வெறும் 600 ஷேருக்கு. அடுத்த 400 போனது 92.10-க்கு, 700 போனது 91.50-க்கு, மிச்சம் 1,300-ம் 90.80-க்கு! எல்லாம் 92.40-க்கே போயிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட 2,830 ரூபாய் குறைவு. யாரும் என்னை ஏமாற்றவில்லை. விலையை இறக்கியதே நான்தான்.

இதற்கென்றே கணிதம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் அல்ம்கிரென், கிறிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போட்ட மாடல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேகமாக விற்றால் உன் ஆர்டரே விலையை அமுக்கும். மெதுவாக விற்றால் அதற்குள் சந்தை எங்கேயாவது ஓடிவிடும். இரண்டையும் தராசில் வைக்கிறார்கள். ஆர்டரைத் துண்டு துண்டாக வெட்டி விற்கும்போது, சந்தை ஓடிவிடுமோ என்ற உன் பயம் அதிகமானால் முதல் துண்டுகள் பெரிதாகும், போகப் போகச் சிறிதாகும். பயமே இல்லாதவன் சமமாக வெட்டலாம். அட, ஒன்றை விட்டுவிட்டேன்: 1998-லேயே பெர்ட்சிமாஸ், லோ என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் எளிய மாடலுக்குச் சமத் துண்டுதான் விடை என்று காட்டிவிட்டார்கள். அதில் சராசரிச் செலவு மட்டும்தான் கணக்கு, பயத்துக்கு இடமில்லை. அதனால் எனக்கு ஒட்டவில்லை.

அப்புறம் வர்க்கமூல விதி. ஒரு நாள் வர்த்தகத்தில் உன் ஆர்டர் எத்தனை சதவீதமோ, அதன் வர்க்கமூலத்தை அன்றாட ஏற்ற இறக்கத்தால் பெருக்கினால், உன் ஆர்டர் விலையில் உண்டாக்கும் தோராயமான தாக்கம். இந்த ஷேரில் நாளுக்குச் சுமார் 75,000 கைமாறும். என்னுடையது 4 சதவீதம், வர்க்கமூலம் 0.2. ஏற்ற இறக்கம் 3 சதவீதம் என்று வைத்தால் தாக்கம் 0.6 சதவீதம், அதாவது 55 காசு. நான் ஷேருக்கு இழந்தது 94 காசு! அந்த விதி துண்டு துண்டாக விற்பவனுக்கு. ஒரே அடியில் கொட்டியவனுக்கு இல்லை.

சொல்ல மறந்தேன், அப்போது மணி மதியம் ஒன்றே கால். சந்தை சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம், வாங்க ஆளும் குறைவு.

மீதி 2,000 ஷேர் இருக்கிறது. காலையில் லிமிட் ஆர்டர்தான், அதாவது நான் சொல்லும் விலைக்குக் கீழே விற்காதே என்று. முதலில் 500, அப்புறம் 400, அப்படியே குறைத்துக்கொண்டு போகப்போகிறேன். அப்பா பின்னாலிருந்து கேட்கிறார்: "அதுக்குள்ள விலை விழுந்துட்டா?" அப்பா, அதனால்தான் முதலில் 500.