ஃபெரெட்டுக்குப் பச்சைக் கறி: ஒரு வாரத்துக்கு எதில் எத்தனை கிராம்?

வணக்கம் மக்களே. கொடைக்கானலில் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. ஜன்னலைச் சாத்தினாலும் தகரக் கூரைச் சத்தம் கேட்கத்தான் செய்யும், அதனால் கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன். இன்றைக்குக் கேமரா சமையலறையில். மேஜையில் பரப்பியிருப்பது எல்லாம் முந்திரிக்கும் கடுகுக்கும் ஒரு வாரச் சாப்பாடு. சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், இவை இரண்டும் கீரி இல்லை, ஃபெரெட். நீர்நாய் இருக்கிறதே, அந்தக் குடும்பம். ஐரோப்பாவில் முயல் வேட்டைக்காக மனிதர்கள் பழக்கி வளர்த்த பிராணி.

இந்த வீடியோவை ஏன் போடுகிறேன் என்றால், ஃபெரெட் வளர்க்கிற பலரும் எனக்கு எழுதுவது ஒரே மாதிரி இருக்கிறது. "நான் எலும்பே இல்லாத நெஞ்சுக்கறிதான் கொடுக்கிறேன், நன்றாகக் கழுவி, சுத்தமாக." அவ்வளவு அக்கறையோடு செய்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகவும் குறைவு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால், உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், வளர்கிற குட்டியாக இருந்தால் கால் எலும்பு வளையும், சின்னக் குதியில் கூட முறியும். எலும்பை நாம் கழிவு என்று நினைக்கிறோம், ஃபெரெட்டுக்கு அது சாப்பாட்டின் ஒரு பங்கு.

இன்னொரு பக்கம், நாய்க்குப் போடுகிற மாதிரி கறியும் சோறும் பிசைந்து கொடுக்கிறவர்கள். தயவுசெய்து வேண்டாம். இதன் குடல் மிகவும் குட்டை, பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் நமக்கு இருக்கிற பை இதற்குக் கிடையாது, சாப்பிட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். சோறு, பிஸ்கட், வாழைப்பழம், தயிர் எதையும் வைத்து இந்தக் குடலால் ஒன்றும் செய்ய முடியாது. வெங்காயம், பூண்டு இரண்டும் விஷம், ஆகவே வீட்டுக் குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் எடை. சமையல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும், கிராம் காட்டுகிற டிஜிட்டல் தராசு. அதன் மேல் ஒரு பாத்திரத்தை வைத்து, பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு, உள்ளே ஃபெரெட்டை விடுங்கள், ஒரு நொடி அசையாமல் இருந்தால் போதும். முந்திரி 1 கிலோ 400. கடுகு 800 கிராம். வளர்ந்த ஃபெரெட்டுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை, நான் 6 வைத்துக்கொள்கிறேன். முந்திரிக்கு 84 கிராம், கடுகுக்கு 48 கிராம், இரண்டும் சேர்த்து 132. ஏழு நாளுக்கு 924 கிராம். குட்டிகளுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அவை வளர்கிற வயதில் 10 சதவீதமோ அதற்கு மேலோ கேட்கும், கேட்கிற அளவு கொடுங்கள்.

இந்த 924 கிராமை எப்படிப் பிரிப்பது? எலும்பு 10 சதவீதம், ஈரல் 5 சதவீதம், வேறு சுரப்பி உறுப்பு 5 சதவீதம், மீதி 80 சதவீதம் சதை. எலும்பு 92 கிராம் வேண்டும். அதற்காக 92 கிராம் எலும்பைத் தனியாக வாங்க முடியாது, கோழியின் எந்தப் பாகத்தில் எவ்வளவு எலும்பு என்று தெரிந்தால் போதும். இறக்கையில் ஏறக்குறைய 46 சதவீதம், தோலோடு உள்ள கழுத்தில் 36 சதவீதம், காலடியில் 60 சதவீதம் எலும்பு. நான் இறக்கையைப் பிடித்துக்கொண்டேன். 200 கிராம் இறக்கை வாங்கினால் அதில் 92 கிராம் எலும்பு, 108 கிராம் கறியும் தோலும். அப்புறம் ஈரல் 46, சுவரொட்டி அல்லது கிட்னி 46, எலும்பில்லாத சதை 632. கூட்டிப் பாருங்கள், 924 வரும். சதை என்று சொன்னேனே, அந்த 632-ல் 110 கிராம் வரை ஹார்ட் இருக்கட்டும், கோழியுடையதோ ஆட்டினுடையதோ. டாரின் என்கிற சத்து ஹார்ட்டில் அதிகம், இதயமும் கண்ணும் நன்றாக இருக்க அது வேண்டும். கோழி இரைப்பையையும் சதைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், உறுப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

எலும்பு என்றதும் எந்த எலும்பும் ஆகாது. பிராய்லர் கோழி, காடை, முயல், இவற்றின் பச்சை எலும்பு மட்டும். வேகவைத்த எலும்பு கூரான சிராய்களாக உடைந்து குடலைக் குத்தும், ஒரு துண்டு கூடக் கூடாது. ஆட்டுக் கால் எலும்பு பல்லை உடைத்துவிடும். நாட்டுக்கோழி என்றால் நமக்கு ஒரு மரியாதை உண்டு, ஆனால் வயதான நாட்டுக்கோழியின் எலும்பு இறுகிப் போயிருக்கும், அதிலிருந்து சதையை மட்டும் எடுங்கள்.

கறிக்கடையில் என்ன கேட்பது? நான் மூஞ்சிக்கல் பக்கம் வாங்குகிறேன். கடைக்கார அண்ணனிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுவேன், ஏனென்றால் சுவரொட்டி கடையில் தங்காது, ரத்தம் ஊறும் என்று வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் முதல் ஆளாக வாங்கிப் போய்விடுகிறார்கள். கிடைக்காத வாரம் ஆட்டுக் கிட்னி. கோழியை மஞ்சள் தடவித் தீயில் வாட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த வாசனை வந்தால் கடுகு மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும். கொடைக்கானலில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் டப்பா எடுத்துக்கொண்டு போகிறேன், அதே டப்பா ஃப்ரீசருக்குள்ளும் போகும், வசதிதான்.

முயல் கறிக்கு மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கொடைக்கானலிலிருந்து 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர், அங்கே மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, ஆட்டோடு கறி முயலும் வளர்த்து ஆராய்கிற இடம். மேல்மலைக் கிராமங்களில் முயல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைக்கும். ஃபெரெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கறி கிடையாது என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், முயலில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் முயல் கொடுக்கிற நாளில் கோழித் தோலையும் கொஞ்சம் சேர்த்துவிடுங்கள்.

இப்போது கிட்டே காட்டுகிறேன் பாருங்கள். இது இறக்கை. மூட்டை விரலால் இப்படி மடக்கினால் நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும், கத்தரியை அங்கே வைத்து அழுத்தினால் சத்தமே இல்லாமல் பிரியும். எலும்பின் நடுவில் வெட்டினால்தான் கூர் நிற்கும். நுனியும் நடுத்துண்டும் கடுகுக்கு, தோள் பக்கத்துக் கனத்த துண்டு முந்திரிக்கு. மிகச் சின்னதாக நறுக்காதீர்கள், பின்பல்லால் கடித்து நொறுக்கும்போதுதான் பல்லில் காரை படியாமல் இருக்கும். கடுகு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்து, கறுக் கறுக் என்று கடிக்கும். கேமராவில் இந்தச் சத்தம் பதிவாகிறதா என்று தெரியவில்லை, இருங்கள், மைக்கைக் கீழே கொண்டுபோகிறேன்.

இன்னொன்று, கறியைக் கழுவுவது. தண்ணீர் தெளிகிற வரை உப்பும் மஞ்சளும் போட்டு அலசுவது நம் வழக்கம். இதற்கு அது வேண்டாம். டாரின் தண்ணீரில் கரைந்து போகிற பொருள், அலச அலசச் சாக்கடையில்தான் போகும், கூடவே கறியில் இருக்கிற கிருமி தொட்டியைச் சுற்றித் தெறிக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளகும்போது டப்பாவில் ஊறி நிற்கிற சிவப்புத் தண்ணீரைக் கூடக் கொட்டாமல் தட்டில் ஊற்றிவிடுகிறேன்.

வாரத்தைப் பிரிக்கிற விதம் இதுதான். ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி எலும்பு நாள், நாளுக்கு இறக்கை 50 கிராம், சதை 82 கிராம். திங்கள், புதன், வெள்ளி உறுப்பு நாள், ஈரலும் சுவரொட்டியும் சேர்ந்து 30 கிராம் அல்லது சற்று மேலே, மீதி சதை. ஒவ்வொரு வேளையும் எல்லாம் சரிவிகிதமாக இருக்க வேண்டும் என்று தவிக்காதீர்கள், வாரக் கடைசியில் கூட்டுத்தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு நாள் ஈரலைத் தொடாவிட்டால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சாப்பிடட்டும். ஆனால் வாரத்து ஈரலை ஒரே நாளில் கொட்டிவிடக் கூடாது, வயிறு கலங்கும். மாதக்கணக்கில் ஈரல் கூடினால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும், அது பெரிய தொல்லை. ஒரு நாள் அளவை மூன்று வேளையாகக் கொடுக்கிறேன், குடல் அவ்வளவு சீக்கிரம் காலியாகிற பிராணியை நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது, அதிலும் இன்சுலினோமா, அதாவது இன்சுலினை அதிகமாகச் சுரக்கிற கணையக் கட்டி, வந்த ஃபெரெட் என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வாரத்தில் ஒரு நாள் காடை முட்டை, மஞ்சள் கரு மட்டும்.

கணக்கு சரியா தப்பா என்று யார் சொல்வது? கழிவுப் பெட்டிதான். அருவருப்புப் படாதீர்கள், தினமும் பாருங்கள். வெளுத்து, சுண்ணாம்பு போல உதிர்ந்தால் எலும்பு அதிகம், சதையைக் கூட்டுங்கள். கறுத்துத் தளர்ந்து வந்தால் உறுப்பு அதிகம் அல்லது எலும்பு குறைவு. எலும்பு நாளுக்கும் உறுப்பு நாளுக்கும் கொஞ்சம் மாறத்தான் செய்யும், இரண்டு நாள் விடாமல் ஒரே மாதிரி வந்தால் மாற்றுங்கள். தார் மாதிரிப் பிசுபிசுவென்று கறுப்பாக வந்து, கூடவே சோர்ந்தும் படுத்தால், அது சாப்பாட்டுக் கணக்கு இல்லை, உள்ளே ரத்தம் கசியலாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இதுவரை உலர் தீவனம் மட்டுமே சாப்பிட்ட ஃபெரெட் முன்னால் இறக்கையை வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அதன் மேல் கோபித்துப் பயனில்லை, முதல் ஆறு மாதத்தில் எந்த வாசனை சாப்பாடு என்று பழகியதோ அதைத்தான் சாப்பாடு என்று எண்ணும். கோழிச் சதையை அரைத்து வெந்நீர் விட்டுக் கஞ்சிப் பதத்தில், வெதுவெதுப்பாக, விரலில் தொட்டு உதட்டில் தடவுங்கள். நக்கும். பழைய தீவனத்தையும் ஊறவைத்துக் கூடவே கலந்து, மெல்ல மெல்லக் குறையுங்கள். பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

குளிர் ஊர்தானே, கறி வெளியே இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். நமக்குத்தான் குளிர். 15, 18 டிகிரி கிருமிக்கு நல்ல வசதியான சூடு. ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே, ஃப்ரீசரில் மைனஸ் 18. ஃப்ரீசர் சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும், சால்மோனெல்லா என்கிற கிருமியைக் கொல்லாது, அதனால் கத்தி, பலகை, கை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, மிகவும் வயதானவர்களோ இருந்தால் பச்சைக் கறி முறையை நன்றாக யோசித்துத் தொடங்குங்கள். இந்தப் பிராணிக்கு ஒளித்து வைக்கிற குணம் வேறு, சோபாவுக்கு அடியில், செருப்புக்குள், தலையணைக்குப் பின்னால் என்று துண்டைக் கொண்டுபோய் வைக்கும், எனவே கூண்டுக்குள் வைத்தே கொடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்கவே வேண்டாம், நிறைந்திருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி இருந்தால் 24. காலியான இடத்தில் தண்ணீர் டப்பா வைத்து உறைய விடுங்கள்.

கடைசியாகப் பறவைக் காய்ச்சல். ஃபெரெட்டுக்கு இன்ஃப்ளூயன்சா மிக எளிதில் தொற்றும், 1933-ல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுக்குத் தொற்ற வைத்துத்தான். ஆகவே பக்கத்து மாவட்டத்திலோ கேரளத்திலோ பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் பச்சைக் கோழியையும் காடையையும் அன்றோடு நிறுத்திவிடுகிறேன், பச்சை முட்டையும் கிடையாது. முயல் கிடைத்தால் முயல், இல்லையென்றால் எலும்பை முழுக்க எடுத்துவிட்டு வேகவைத்த கோழி, அந்த வேகவைத்த தண்ணீரோடு. எலும்பு போனதே, கால்சியத்துக்கு என்ன செய்வது? வேகவைத்த முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக அரைத்து, ஒரு கிலோ கறிக்கு 5 முதல் 6 கிராம். ஒரு கோழி முட்டை ஓடே ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். இது சில வாரத்துக்கான ஏற்பாடு மட்டும், செய்தி அடங்கியதும் எலும்புக்கே திரும்பிவிடுங்கள்.

உங்கள் ஃபெரெட்டின் எடை, வயது, இப்போது என்ன சாப்பிடுகிறது, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள், உட்கார்ந்து கிராம் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஆட்டு ஈரலா கோழி ஈரலா என்று கேட்டிருந்தீர்கள், எதுவானாலும் சரி, மாற்றி மாற்றிக் கொடுங்கள். முந்திரி மேஜைக் காலைப் பிடித்து ஏறத் தொடங்கிவிட்டான், டப்பாக்களை உள்ளே வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த வீடியோவில் பார்ப்போம்.